ஒரு கவுண்டிக்குள் புதிய நகரம்: சிலர் அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடமேற்கே காப் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு; ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. அதன் கிழக்குப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வரும் கடிதங்களில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ‘மரியெட்டா’ என்றே அச்சாகியிருக்கும். ஆனால் அவர்களில் மிகப் பலர் மரியெட்டா நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் அல்லர். அந்நகர மேயரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வாக்கு இல்லை. அந்நகருக்கு அவர்கள் வரி கட்டுவதும் இல்லை. அஞ்சல் விநியோகத்தின் வசதிக்காக அமைந்த பெயர் அது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் எந்த நகரத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர். கவுண்டியில் மட்டுமே வசிப்பவர்கள். புதிதாக அங்கே குடியேறும் எவருக்கும் இது முதலில் விளங்காது. ‘எந்த நகரத்திலும் இல்லாத ஒரு வீடு எப்படி இருக்க முடியும்?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான், அப்படிப்பட்ட இடத்தில் புதிய நகரம் ஒன்றை உருவாக்க சிலர் முனைவதும், அதை வேறு சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பதும் புரியும்.

தமிழ்நாட்டில் குடியிருப்புள்ள எந்த ஊரும் பொதுவாக ஓர் ஊராட்சிக்கோ, பேரூராட்சிக்கோ, நகராட்சிக்கோ, மாநகராட்சிக்கோ உட்பட்டிருக்கும் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. ஜார்ஜியாவில் அப்படியில்லை. மாநிலம் முழுவதும் 159 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; எந்த நிலமும் ஏதாவதொரு கவுண்டிக்குள் வந்தே தீரும். நகரம் என்பது அதற்குமேல் வரும் இன்னோர் அடுக்கு. அங்கங்கே மக்கள் கேட்டு, மாநிலச் சட்டமன்றம் சாசனம் (நகரத்தை நிறுவும் சட்ட ஆவணம்) வழங்கிய இடங்களில் மட்டும்தான் நகரம் இருக்கும். மற்ற இடங்களில் காவல், தீயணைப்பு, சாலை, பூங்கா, கட்டட அனுமதி ஆகிய அனைத்தையும் கவுண்டி நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி காப் கவுண்டியில் ஏறத்தாழ 7,66,000 பேர் வசித்தார்கள். அப்போது அங்கே இருந்த நகரங்கள் ஆறுதான். மக்களில் பெரும்பாலோர் அந்த ஆறு நகரங்களுக்கும் வெளியே, கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருந்தார்கள்.

புதிய நகரம் உருவாகும் வழி ஜார்ஜியாவில் ஓரளவு எளிமையானது. ஒரு பகுதியைச் சேர்ந்த ஆர்வலர்கள் ஒன்றுகூடி, எல்லைகளை வரைந்து, தங்கள் சட்டமன்ற உறுப்பினரை அணுகுகிறார்கள். அவர் மசோதாவைக் கொண்டுவருகிறார். வருகிற வருமானத்தில் அந்த நகரம் நடக்குமா என்று பார்க்க, பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம் ‘சாத்தியக்கூறு அறிக்கை’ ஒன்றைத் தயாரிக்கிறது. மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநர் கையெழுத்திட்டால், முன்மொழியப்பட்ட எல்லைக்குள் பதிவுபெற்ற வாக்காளர்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடக்கும். பாதிக்குமேல் ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்தாலும் நகரம் பிறந்துவிடும். இங்கே ‘மட்டும்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பின் வேர்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது.

நகரம் கேட்பவர்களின் தரப்பை நேர்மையாகச் சொல்லாமல் எதிர்ப்பைப் பற்றிப் பேசுவது சரியல்ல. காப் கவுண்டியை ஆளும் குழுவில் தலைவர் ஒருவரும், நான்கு தொகுதிப் பிரதிநிதிகளும் உள்ளனர். மக்கள்தொகையை நான்கால் வகுத்தால், ஒரு பிரதிநிதிக்கு 1,90,000 பேருக்கு மேல் வருகிறார்கள். உங்கள் தெருமுனையில் இருக்கும் மரங்கள் அடர்ந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட யாரோ விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் ஐந்து பேரில் நீங்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இருவர்தான். நகரம் வந்துவிட்டால், அந்த முடிவு உங்கள் அண்டை வட்டாரத்துக்காரர்களான சிலரின் கைக்கு வரும். ‘ஜோனிங்’ எனப்படும் நிலப்பயன்பாட்டு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பமே அட்லாண்டாவைச் சுற்றிப் பல நகரங்கள் தோன்றியதற்கு முக்கியமான காரணம். அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. புதிய நகரத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் எதிர்ப்பது ஒருவகை. கோட்டுக்கு வெளியே விடப்படுபவர்கள் எதிர்ப்பது இன்னொரு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முன்னவர்களுக்கு வாக்கு உண்டு. பின்னவர்களுக்கு இல்லை.

உள்ளே இருப்பவரின் கவலையை ஒரு சொத்து வரிச் சீட்டை வைத்துப் பார்ப்போம். ஜார்ஜியாவில் வீட்டின் சந்தை மதிப்பில் 40 விழுக்காடு மட்டுமே வரிக்குரிய மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். 5,00,000 டாலர் பெறுமான வீட்டுக்கு வரிக்குரிய மதிப்பு 2,00,000 டாலர். அந்த மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஒரு டாலர் என்பதை ‘ஒரு மில்’ என்கிறார்கள். ஆகவே, சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், அந்த வீட்டுக்கு ஒரு மில் என்பது ஆண்டுக்கு 200 டாலர். சீட்டில் கவுண்டியின் பொது நிதி, பள்ளி, தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி உண்டு. 2022இல் காப் கவுண்டியின் தீயணைப்பு வரி 2.86 மில், நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு 572 டாலர். ‘கிழக்கு காப்’ என்ற பெயரில் நகரம் அமைக்க முனைந்தவர்கள், தீயணைப்பையும் காவலையும் தங்கள் நகரமே நடத்தும் என்றும், அதனால் இந்த 2.86 மில் கவுண்டிக்குப் போகாமல் நகரத்துக்கு வந்துவிடும் என்றும், வேறு புதிய சொத்து வரி தேவைப்படாது என்றும் கணக்குக் காட்டினார்கள். சாத்தியக்கூறு அறிக்கையும் நகரத்துக்கு உபரி இருக்கும் என்றே சொன்னது.

எதிர்த்தவர்கள் அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தார்கள். தீயணைப்புக்காக வசூலிக்கப்படும் வரியை வைத்துக்கொண்டு காவல் துறையும் நடத்த முடியுமா? காவலர்களைப் புதிதாகச் சேர்க்க, இருக்கும் கவுண்டிக் காவலர்களைவிட அதிகச் சம்பளம் தர வேண்டாமா? அவர்களின் ஓய்வூதியத்துக்கு எங்கே பணம்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து உதவி வேண்டியிருந்தால் அதற்கு யாரோடு ஒப்பந்தம்? இப்போது நன்றாக நடக்கும் ஒன்றைக் கலைத்துவிட்டு, அதையே சிறிய அளவில் மறுபடி கட்டுவதால் என்ன பயன்? இந்தக் கேள்விகளுக்குச் சாத்தியக்கூறு அறிக்கையால் முழுமையான விடை தர இயலாது. இது மிக முக்கியமான புள்ளி. அந்த அறிக்கை, அதே அளவுள்ள பிற நகரங்களின் செலவை வைத்து ‘இப்படி ஒரு நகரம் நடக்கக்கூடும்’ என்று மட்டுமே சொல்கிறது. ‘உங்கள் வரி உயராது’ என்று அது வாக்குறுதி தருவதில்லை. வாக்குறுதி தரக்கூடியவர்கள் இனிமேல் தேர்ந்தெடுக்கப்படப்போகும் மேயரும் நகரமன்றமும்தான். அவர்கள் இன்னும் பதவிக்கே வரவில்லை.

வரிச் சீட்டில் வராத செலவும் உண்டு. ஜார்ஜியாவில் மின் நிறுவனம் நகரங்களுக்கு உரிமைக் கட்டணம் செலுத்துகிறது. அதை ஈடுகட்ட, நகர எல்லைக்குள் இருக்கும் நுகர்வோரின் மின்கட்டணச் சீட்டில் கட்டணம் கூடுதலாக ஏறிவிடும். நகரம் கேட்பவர்கள் இதை ‘புதிய வருமானம்’ என்பார்கள். எதிர்ப்பவர்கள் ‘பெயர் மாற்றிய வரி’ என்பார்கள். இரண்டும் ஒரே பணம்தான்; அது வருவது உங்கள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி ஓடிய கணக்கிலிருந்துதான்.

பலர் பள்ளியைப் பற்றியும் குழம்புகிறார்கள். புதிய நகரம் வந்தால் தனிப் பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்) வரும் என்று நம்பி ஆதரிப்பவர்களும், அதே காரணத்துக்காக அஞ்சி எதிர்ப்பவர்களும் உண்டு. ஜார்ஜியாவில் அது நடக்காது. 1945 அரசியலமைப்பு புதிய தனிப் பள்ளி அமைப்புகளைத் தடை செய்தது. அதற்குமுன் இருந்தவை மட்டுமே தொடர்கின்றன. ஆகவே அந்த மாநிலத்தில் எந்தப் புதிய நகரத்தின் பிள்ளைகளும் முன்பு படித்த கவுண்டிப் பள்ளியிலேயே படிப்பார்கள்.

இனி கோட்டுக்கு வெளியே வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மனத்தை உறுத்துவது இந்தப் பக்கம்தான்.

கவுண்டி என்பது பொதுப் பானை. வணிக வளாகங்களும் அலுவலகக் கட்டடங்களும் விலையுயர்ந்த வீடுகளும் உள்ள வட்டாரம் அதில் அதிகம் ஊற்றும். ஏழை வட்டாரம் அதிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நகரத்தின் எல்லையை வரைபவர்கள் வருமானம் தரும் இடங்களைத் தேடித்தான் வரைவார்கள், ஏனென்றால் வருமானம் இல்லாவிட்டால் சாத்தியக்கூறு அறிக்கையே தேறாது. அந்த வட்டாரம் தனி நகரமாகப் பிரிந்தவுடன், தொழில் உரிமக் கட்டணம், காப்பீட்டுத் தவணை வரியில் வரும் பங்கு, மதுபான வரி போன்றவை கவுண்டியிடமிருந்து நகரத்துக்குப் போகின்றன. கவுண்டியின் கடனும், ஓய்வுபெற்ற ஊழியர்களுக்குத் தர வேண்டிய பொறுப்பும் அப்படியே போய்விடுவதில்லை. எஞ்சியிருக்கும் பகுதிக்கான காவலையும் சாலையையும் குறைந்த வருமானத்தில் நடத்த வேண்டியிருக்கும். அதற்கு வழி இரண்டுதான்: எஞ்சியவர்களின் வரியை உயர்த்துவது, அல்லது அவர்களுக்கான சேவையைக் குறைப்பது.

சொத்துகளின் கைமாற்றம் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அட்லாண்டா பகுதியில் நகரங்கள் பெருகத் தொடங்கியபோது, புதிய நகரம் தன் எல்லைக்குள் இருக்கும் கவுண்டிப் பூங்காக்களை ஏக்கருக்கு 100 டாலர் விலையிலும், தீயணைப்பு நிலையத்தை 5,000 டாலர் விலையிலும் வாங்கிக்கொள்ளச் சட்டம் வழி செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஏக்கர் பூங்கா, அதன் மரங்களும் நடைபாதையும் விளையாட்டுத் திடலும் சேர்த்து, 2,000 டாலர். அந்தப் பூங்காவைக் கவுண்டி முழுவதும் சேர்ந்து கட்டிய வரியில் வாங்கியிருப்பார்கள். தென்கோடியில் இருந்த ஒரு குடும்பமும் அதற்குப் பணம் கட்டியிருக்கும். நகரம் கேட்பவர்கள் ‘நாங்களும்தானே வரி கட்டினோம், எங்களிடம் இருமுறை விலை வாங்கலாமா?’ என்று கேட்டார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் பொதுவாகச் சேர்த்த சொத்தை ஒரு பங்காளி மட்டும் தன் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதால் எடுத்துக்கொள்வதுபோல வெளியே நின்றவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அட்லாண்டா நகரத்தின் பெரும்பகுதி அமைந்துள்ள ஃபுல்டன் கவுண்டியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேண்டி ஸ்பிரிங்ஸ் என்ற வளமான வட்டாரம் பல ஆண்டுகளாகத் தனி நகரம் கேட்டது. ஈவா கலாம்போஸ் என்ற பெண்மணி அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தினார். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை 2004 தேர்தலில் குடியரசுக் கட்சியின் கைக்கு மாறிய பிறகே வழி திறந்தது. 2005 ஜூன் 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் 94 விழுக்காட்டினர் ஆதரித்தனர். டிசம்பர் 1 அன்று நகரம் தொடங்கியது. கலாம்போஸ் முதல் மேயர் ஆனார். அடுத்த ஆண்டே ஜான்ஸ் கிரீக், மில்டன் ஆகிய நகரங்கள் வந்தன. கவுண்டியின் வடபகுதி இப்படி நகரங்களாகிக்கொண்டே போனபோது, பெரும்பான்மையாகக் கறுப்பின மக்கள் வாழும் தென்பகுதி என்ன செய்வது என்று விழித்தது. 2007இல் அங்கே ‘தெற்கு ஃபுல்டன்’ நகரத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் மிகப் பெரிய வித்தியாசத்தில் அதை நிராகரித்தார்கள். கவுண்டியோடு இருப்பதே மேல் என்று எண்ணினார்கள். ஆனால் சுற்றியிருந்த நகரங்கள் அங்கிருந்த வருமானம் தரும் நிலங்களைத் துண்டு துண்டாகத் தங்களோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்கின. எஞ்சியது சுருங்கிக்கொண்டே வந்தது. 2016 நவம்பரில் அதே மக்கள் நகரத்துக்கு ஆம் என்று வாக்களித்தார்கள். 2017 மே மாதம் தெற்கு ஃபுல்டன் நகரம் பிறந்தது. விரும்பி அமைத்த நகரம் என்று அதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒருவர் குடையை விரித்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் இரட்டிப்பாகத் தண்ணீர் வடியும். அவரும் குடை வாங்கித்தான் ஆக வேண்டும்.

இனத்தின் நிழல் இந்தப் பேச்சில் எப்போதும் இருக்கிறது. 2011இல் குடிமை உரிமைப் போராட்டத் தலைவரான ஜோசப் லவுரி உள்ளிட்ட சிலர், அட்லாண்டாவைச் சுற்றிப் புதிதாக உருவான ஐந்து நகரங்கள் கறுப்பின வாக்காளர்களின் வலிமையைக் குறைப்பதாகக் கூறிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. லூயிசியானா மாநிலத்திலும் இதே நிழல் விழுந்தது. அங்கே கவுண்டியை ‘பாரிஷ்’ என்பார்கள். அங்கே கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷின் தென்கிழக்குப் பகுதியை ‘செயின்ட் ஜார்ஜ்’ என்ற நகரமாக்க, பள்ளிகளை முன்னிட்டுத் தொடங்கிய இயக்கம், போதிய கையொப்பம் கிடைக்காமல் முதல் முயற்சியில் தோற்றது. பிறகு எல்லையைச் சுருக்கி வரைந்தார்கள். ஏழைகளும் கறுப்பின மக்களும் மிகுந்த குடியிருப்புகள் அந்தப் புதிய கோட்டுக்கு வெளியே விடப்பட்டன என்று எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். போதிய வரி அடிப்படையும் ஆதரவும் உள்ள பகுதியையே தேர்ந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். 2019 அக்டோபரில் 54 விழுக்காடு ஆதரவோடு வாக்கெடுப்பு வென்றது. பேட்டன் ரூஜின் மேயர் ஷரன் வெஸ்டன் புரூம் நீதிமன்றம் சென்றார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால் 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் நகரம் அமையலாம் என்று தீர்ப்பளித்தது.

பாதிக்கப்படும் வெளியாருக்கும் வாக்கு தரலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி கலிபோர்னியாவில் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சாக்ரமென்டோ கவுண்டியில் சிட்ரஸ் ஹைட்ஸ் என்ற பகுதி நகரமாக முனைந்தபோது, கவுண்டி நிர்வாகம் எதிர்த்தது: எங்கள் வருமானம் போகிறது, ஆகவே கவுண்டி முழுவதும் வாக்களிக்க வேண்டும் என்றது. 1992இல் மாநில உச்ச நீதிமன்றம், நகரமாகப்போகும் பகுதிக்குள் வசிப்பவர்கள் மட்டும் வாக்களிப்பது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டில் கலிபோர்னியா இன்னொரு வழியைக் கண்டது. புதிய நகரம் கவுண்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் வருமானமும், கவுண்டியின் தோளிலிருந்து இறக்கிக்கொள்ளும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நகரம் ஈடு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சிட்ரஸ் ஹைட்ஸ் 1997இல் நகரமானபோது, தன் சொத்து வரிப் பங்கை 25 ஆண்டுகளுக்குக் கவுண்டிக்கே விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. 2022இல்தான் அந்தத் தவணை முடிந்தது. வெளியே நிற்பவருக்கு வாக்கு கிடைக்காவிட்டாலும் ஈடாவது கிடைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு ஜார்ஜியாவிலும் இருந்திருந்தால், அங்கே நடந்த சண்டைகளில் பாதி நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறையில் எதிர்ப்பு எப்படி நடக்கிறது? வெளியே இருப்பவர்களால் செய்யக்கூடியது, மசோதா குழுவில் இருக்கும்போதே சட்டமன்றத்தில் சாட்சியம் சொல்வதும், நீதிமன்றம் போவதும்தான். உள்ளே இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வீடு போய்ப் பேசும் வழி உண்டு. கிழக்கு காப், லாஸ்ட் மவுண்டன், வைனிங்ஸ் ஆகிய மூன்று நகரங்களுக்கான வாக்கெடுப்பு 2022 மே 24 அன்று நடந்தது. கவுண்டி நிர்வாகம் தனக்கு நேரக்கூடிய இழப்பைக் கணக்கிட்டு வெளியிட்டது. எதிர்ப்புக் குழுவினர் புல்வெளிகளில் அட்டைகள் நட்டார்கள். பொதுக் கூட்டங்களில் எழுந்து அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். மூன்று நகரங்களும் தோற்றன. லாஸ்ட் மவுண்டனில் சுமார் 58 விழுக்காட்டினரும், வைனிங்ஸில் சுமார் 55 விழுக்காட்டினரும் வேண்டாம் என்றார்கள். முழுக் காவலும் தீயணைப்பும் நடத்துவதாகச் சொன்ன கிழக்கு காப்பில் எதிர்ப்பு 73 விழுக்காடு. திட்டம் எவ்வளவு பெரிதோ, விளக்க வேண்டிய செலவும் அவ்வளவு பெரிது என்பதற்கு இந்த எண்ணே சான்று. எப்போதும் இவ்வளவு தெளிவாக முடிவு வருவதில்லை. அட்லாண்டா பகுதியிலேயே உள்ள டிகால்ப் கவுண்டியில் 2015 நவம்பரில் ‘லாவிஸ்டா ஹில்ஸ்’ என்ற நகரம் 150க்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. அதே நாளில், அதன் பக்கத்திலேயே, டக்கர் என்ற நகரம் எளிதாக வென்றது.

உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால், முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கோடு எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்த வணிக வளாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எந்தக் குடியிருப்பைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். பிறகு நகரம் எந்தெந்தச் சேவைகளை ஏற்கிறது, எவற்றைக் கவுண்டியிடமே விடுகிறது என்று கேளுங்கள். சொத்து வரி விதிக்க வேண்டுமானால் மக்களிடம் மறு வாக்கெடுப்பு தேவையா, அல்லது நகரமன்றமே முடிவு செய்யலாமா என்பது சாசனத்தில் எழுதியிருக்கும். அந்த ஒரு பத்தியை மட்டுமாவது கட்டாயம் படியுங்கள். வாக்கெடுப்பு எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம், ஏனெனில் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலுக்கு வரும் கூட்டம் வேறு, நவம்பர் பொதுத் தேர்தலுக்கு வரும் கூட்டம் வேறு.

காப் கவுண்டியின் நான்காவது முயற்சி மேபில்டன். அதன் வாக்கெடுப்பு 2022 நவம்பர் 8 அன்று நடந்தது. சுமார் 53 விழுக்காட்டினர் ஆதரித்ததால் ஏறத்தாழ 78,000 பேர் கொண்ட நகரம் பிறந்தது. அதன் வடபகுதியில் இருந்த பல வாக்குச்சாவடிகளில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்திருந்தார்கள். மொத்த எண்ணிக்கையில் அவர்கள் தோற்றதால், விரும்பாத நகரத்துக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மாதங்கள் கழிவதற்குள் அவர்களில் பலர் தங்கள் குடியிருப்புகளை நகரத்திலிருந்து விடுவிக்கும்படி சட்டமன்றத்தை அணுகினார்கள். உள்ளே வருவதற்கு ஒரு நாள் வாக்கெடுப்பும், கூடுதலாக ஒரு வாக்கும் போதுமாயிருந்தது. வெளியே போவதற்கு அவர்கள் புதிய கோடு ஒன்றை வரைந்து, அதை ஏற்கும் உறுப்பினர் ஒருவரைக் கண்டுபிடித்து, மீண்டும் ஒரு மசோதாவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.